லார்டு பட்டமும் காத்தம நாச்சியாரும்

இந்த இங்கிலாந்து லார்டு பட்டம் இருக்கே, அதுல ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்துது. லார்டு செத்தா மூத்த மகன் லார்டு. மகன் இல்லையா? தம்பி, தம்பி மகன், தூரத்துப் பங்காளின்னு தேடிப் போவாங்க. வீட்டுலயே மகள் இருந்தாலும் பெரும்பாலான பட்டங்கள் அவளுக்குக் கிடையாது. 2013-ல சட்டம் போட்டு அரியணைக்கு மட்டும் ஆண், பெண் வித்தியாசத்தை எடுத்தாங்க. பிரபுக்களை அப்படியே விட்டுட்டாங்க.

இதே லண்டன்தான் சிவகங்கைக்கு வேற நியாயம் சொல்லுச்சு.

திண்டுக்கல்காரங்களுக்கு சிவகங்கை கதை அந்நியமில்லீங்க. 1772-ல கணவர் காளையார்கோவில்ல கொல்லப்பட்டதும் வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது நம்ம விருப்பாச்சி, திண்டுக்கல் பக்கம்தான். (இப்ப விருப்பாச்சின்னா நமக்கு வாழைப்பழம்தான் ஞாபகம் வருது!) 1780-ல சீமையை மீட்டாங்க. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட கம்பெனி, படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தார் ஆக்குச்சு. 1829-ல அவர் ஆண் வாரிசு இல்லாம இறந்தார். அண்ணன் வழி ஆளுங்க ஜமீனைப் பிடிச்சுக்கிட்டாங்க. பாகம் பிரியாத குடும்பம், அதனால சொத்து பங்காளிக்குத்தான்னு வாதம்.

மனைவிகள், மகள்கள்னு மாத்தி மாத்தி கேஸ் நடத்தினாங்க. கடைசியில மகள் காத்தம நாச்சியார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் ஜெயிச்சாங்க. வருஷம் 1863. குடும்பம் பிரியாம இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபருக்குன்னு தனியா வந்த சொத்து, அதனால பங்காளிக்கு முன்னாடி மனைவி, அப்புறம் மகள்னு தீர்ப்பு. முப்பத்தி நாலு வருஷம்!

நம்ம சாஸ்திரம் ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரலை. ஒரு மகன் இருந்திருந்தா நாச்சியாருக்கு ஜமீன் கிடைச்சிருக்காது. மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வர 1989 ஆச்சு, நாடு முழுக்க 2005. ஆனா நாம அடிச்சுப் பிடிச்சு மாத்திட்டோம், அவங்க மாத்தலையே?

"பட்டத்தைக் கூறு போட முடியாதே"ம்பாங்க. சிவகங்கை ஜமீனும் கூறு போட முடியாததுதான் சார். அது மகளுக்குப் போகலையா?

இன்னொரு கூத்து. பரம்பரை லார்டு பட்டம் வாங்கின ஒரே இந்தியர் வங்காளத்து சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919-ல. அவர் 1928-ல காலமானார். இந்துக் கல்யாணம் பலதாரத்துக்கு இடம் கொடுக்குமே, அப்ப இந்தப் பையன் முறையான வாரிசுதானான்னு கேள்வி. பிரபுக்கள் சபை சரின்னு சொல்ல 1939 ஆயிடுச்சு. மூத்த மகனுக்கே இந்தப் பாடு!