அந்த ஞாயிறு வாசகம் யாருக்காக வாசிக்கப்பட்டது?

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோவில்களில் ஆமோஸ் 6ஆம் அதிகாரமும் லூக்கா 16ஆம் அதிகாரமும் வாசிக்கப்பட்டன. ஆமோஸ், தந்தக் கட்டிலில் சாய்ந்து கிடந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டு, தங்கட சனம் அழியிறதைப் பற்றிக் கவலையே படாதவர்களை ஏசுகிறார். லூக்காவில் பணக்காரனின் வாசலில் புண்ணோடு கிடக்கிற லாசர் வருகிறான்.

இந்த வாசகங்களை எந்த ஃபாதரும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று வருடச் சுழற்சி ஒன்று இருக்கிறது. எந்த ஞாயிறு எந்த வாசகம் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. ஆனால் மன்னாரில் அந்த வாரம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்து நின்ற சனத்தைப் பொலிஸார் பலவந்தமாக விலக்கினார்கள். சனத்தோடு குருமாரும் நின்றார்கள். இரண்டே நாளில் லாசர் வந்து வாசலில் படுத்திருக்கிறான்.

அன்று நான் பூசைக்குப் போன கோவிலில் மறையுரை எப்படி முடிந்தது தெரியுமா? நம்மிடம் இருப்பதை இல்லாதவர்களோடு பகிர்ந்து வாழுவோம், ஆமென். பிழையான வார்த்தை ஒன்றுமில்லை. அதே மறையுரையை 1995இலும் சொல்லியிருக்கலாம், ரோமிலும் சொல்லியிருக்கலாம். என்னுடைய பிரச்சினை அதுதான்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அம்மம்மா கேட்டா: "ஏன் பிள்ளை, ஃபாதரையும் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுறியோ?"

இந்தக் கேள்வியைச் சும்மா தள்ள முடியாது. மெதடிஸ்த போதகர் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் கொல்லப்பட்டார். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரி 6இல் கொல்லப்பட்டார். ஃபாதர் ஜிம் பிறவுண் 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பக்கம் காணாமல் போனார். ஃபாதர் கருணாரத்தினம் 2008 ஏப்ரலில் வன்னியில் கிளைமோரில் போனார். அம்மம்மாவின் பயம் கோழைத்தனம் இல்லை. அவ சொல்லுறது அனுபவம். மேடையில் நின்று கதைக்கிறவர் சாகிறார், கீழே இருந்து கேட்கிறவர்கள் அழுதுவிட்டு வீட்ட வருகினம். அதை அவ கண்ணால கண்டவ.

ஆனால் அதே அம்மம்மா ஆயர் இராயப்பு யோசேப்புவின் படத்தை இன்னும் சுவரில் வைத்திருக்கிறா.

நெடுந்தீவில் பிறந்து, 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்தவர். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று காலமானார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் "துணிச்சலானவர்", "சனத்தின்ர குரல்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். அவர் என்ன செய்தார் என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, அவரும் இரண்டு குருமாரும் ஒரு கழித்தல் கணக்கை முன்வைத்தார்கள். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. யுத்தம் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது?

அவ்வளவுதான். எத்தனை பேரை யார் கொன்றது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் கச்சேரிக் கணக்கிலிருந்தே தொடங்கி ஒரு கேள்வி கேட்டார். கேள்விக்குப் பதிலாக 2012 மேயில் குற்றப் புலனாய்வுத் துறையினர் அவரை விசாரிக்க வந்தார்கள். இன்றுவரை அந்தக் கழித்தலுக்கு யாரும் விடை தரவில்லை.

நீதியைப் பற்றிய மறையுரை என்றால் சத்தம் போடுவது என்று பலர் நினைக்கிறோம். ஆயரின் பலம் சத்தத்தில் இருக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்ததில் இருந்தது. எல் சல்வடோர் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவும் அப்படித்தான். அவருடைய ஞாயிறு மறையுரை வானொலியில் போகும். வாசகத்தை விளக்கிவிட்டு, அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களையும் இடங்களையும் சொல்லுவார். பத்திரிகைகள் போடாத செய்தியைச் சனம் பூசையில் கேட்டது. 1980 மார்ச் 24 அன்று பூசை செய்துகொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டார்கள். 2018இல் திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது. இறந்தபின் பீடத்தில் வைப்பது எங்களுக்கு எப்பவும் சுகமான வேலை.

இதற்கு மறுப்பு இருக்கிறது. கோவிலில் அரசியல் வேண்டாம் என்பார்கள். அதில் பாதியை நானும் ஏற்கிறேன். தேர்தல் காலத்தில் யாருக்குப் புள்ளடி போட வேண்டும் என்று ஃபாதர் சொல்லக்கூடாது. மறையுரை ஒருபக்கப் பேச்சு, கையை உயர்த்தி எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அந்த அதிகாரத்தைக் கட்சிக்குக் கொடுப்பது துரோகம். ஆனால் மாவட்டத்தில் பாதிப்பேர் அளவுக்குக் கத்தோலிக்கர் வாழுகிற ஒரு இடத்தில், வாரத்தில் ஒருநாள் எல்லோரும் ஒன்றாக உட்காருகிற ஒரே இடம் அதுதான். அங்கே ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒரு நிலைப்பாடுதான்.

இன்னொரு சிக்கல் எங்கட பக்கத்திலேயே இருக்கிறது. நீதி என்று சொல்லும்போது எங்கட காயத்தை மட்டும் எண்ணினால் அது நீதி இல்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். எருக்கலம்பிட்டி எனக்குப் பக்கத்து ஊர். என்ர வாழ்க்கையில் நான் கேட்ட மறையுரைகளில் இந்தச் சம்பவம் ஒருதடவைகூட வந்ததில்லை. காணாமல் போனவர்களுக்காகச் செபிக்கிற நாங்கள், எங்கட வாசலில் இருந்து விரட்டப்பட்டவர்களுக்காக ஏன் செபிப்பதில்லை? சாதி, சீதனம் பற்றி எத்தனை மறையுரை கேட்டிருக்கிறீர்கள்? ஆமோஸ் பக்கத்து நாடுகளைத் திட்டிவிட்டு நிறுத்தவில்லை. சுற்றி வளைத்துக் கடைசியில் இஸ்ரயேலிடமே வந்து நிற்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த இடம்வரை கைதட்டியிருப்பார்கள்.

காற்றாலையும் லேசான விசயம் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல், நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு நாங்கள் வெளியேற வேண்டும் என்கிறது. அதே மடல்தான் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரிக்க முடியாது என்றும் சொல்கிறது. தீவின் தென்கரையில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் நிற்கின்றன. அதற்குப் பிறகு மழைவெள்ளம் வடிவதில்லை, கரையில் மீன் குறைந்துவிட்டது என்று சனம் சொல்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகிற வழியும் இதுதான். சுத்தமான மின்சாரம் வேண்டும். அதற்கான விலையை ஏன் இந்த ஒடுங்கின தீவின் மீனவன் மட்டும் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை எடுத்து லாசருக்குப் பக்கத்தில் வைத்தால், அது அரசியல் பேச்சு இல்லை. வாசக விளக்கம்.

கடைசியாக, பழியை முழுக்க ஃபாதரின் தலையில் போடுவதும் சரியில்லை. ஒரு குருவானவருக்கு இரண்டு மூன்று கோவில், மரணவீடு, கலியாணம், பள்ளிக்கூடக் கூட்டம். சனிக்கிழமை இரவு பழைய மறையுரையைத் தூசு தட்டி எடுக்கிறார் என்றால் எனக்கு விளங்குகிறது. இளைஞர் ஒன்றியத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்கிறோம்? கரோல் பழகுகிறோம், கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைக்கிறோம். ஒவ்வொரு வெள்ளியும் ஒரே ஒரு தாளில், இந்த வாரம் எங்கட வட்டாரத்தில் என்ன நடந்தது என்று விசாரித்து, சரிபார்த்து, ஃபாதரிடம் கொடுக்கலாமே. யாருடைய காணி, யாருடைய வலை, யாருடைய வழக்கு என்று. அவர் எல்லாவற்றையும் சொல்லாமல் விடலாம். ஆனால் தெரியாது என்று சொல்ல முடியாது.

அம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னா: "ஒருத்தர் தனிய நிண்டு கதைச்சாத்தான் பயம். நீங்களும் சேர்ந்து நில்லுங்கோ."

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1,46,679 என்று ஆயர் சொன்னபோது அவருக்குப் பின்னால் அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்த ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்தத் தாளை இனி எழுதவேண்டியது நாங்கள்.