இரத்தத்தை மட்டும் எண்ணாதீர்: திகில் விளையாட்டுகள் குறித்து



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முன்வைக்கப்படுகிறது. “அதில் சுடுவது, வெட்டுவது ஏதேனும் உண்டா, ஐயா?” இல்லை என்று சொன்னால் பெற்றோர் மனம் ஆறுகின்றனர், உண்டு என்றால் அன்றே திறன்பேசியைப் பிடுங்கி வைக்கின்றனர். சண்டை விளையாட்டுகளுக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். திகில் விளையாட்டுகளுக்கு இது சிறிதும் பொருந்தாது என்பதே என் கருத்து. பிள்ளையின் உறக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இரத்தம் சிந்தாத விளையாட்டுகளே.

படிநிலை இரண்டில் பயிலும் மாணவர்களிடம் “ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்” என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பே கலகலத்துவிடும். 2014ஆம் ஆண்டு ஸ்காட் காத்தன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட விளையாட்டு அது; 2023இல் திரைப்படமாகவும் வந்தது. பீட்சா உணவகம் ஒன்றில் குழந்தைகளை மகிழ்விக்கும் இயந்திரக் கரடி, முயல், கோழி, நரிப் பொம்மைகள் இரவில் தாமாக நடமாடுகின்றன. விளையாடுபவன் அங்கே இரவுக் காவலாளி. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை தன் அறையை விட்டு அவன் வெளியேற முடியாது. கண்காணிப்புக் கேமராக்களின்வழி பொம்மைகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம். அறையின் இரு பக்கக் கதவுகளையும் மூடலாம். ஆனால் கேமராவும் விளக்கும் மூடிய கதவும் மின்சாரத்தைத் தின்னும். மின்சாரம் தீர்ந்தால் கதவுகள் தாமே திறந்துகொள்ளும்.

இதில் துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது பொம்மை பெரும்பாலும் அசைவதில்லை. வேறு கேமராவுக்கு மாறித் திரும்பினால் அது இருந்த இடம் வெறுமையாக இருக்கும். ஆகவே பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் மின்சாரம் தீரும். பாதுகாப்பைத் தரும் செயலே ஆபத்தையும் கொண்டுவருகிறது. இந்த இக்கட்டில்தான் பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இறுதியில் பொம்மை முகத்தில் பாய்வதைத்தான் பெரியவர்கள் “பயமுறுத்தும் காட்சி” என்கின்றனர். அது வெறும் திடுக்கிடல். ஒரு நொடியில் முடிந்துவிடும். பலூன் வெடித்தாலும் நாம் அப்படித்தான் துள்ளுவோம். அதற்கு முன் கழிந்த நிமிடங்களே அச்சம். படுக்கைக்குப் பிள்ளையோடு வருவதும் அதுவே.

இந்தக் கலை நேற்று தோன்றியதன்று. 1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட “ரெசிடென்ட் ஈவில்” (ஜப்பானில் அதன் பெயர் “பயோஹசார்ட்”) விளையாட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது, கரிய திரையில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். அடுத்த அறையின் தரவுகள் குறுந்தட்டிலிருந்து ஏறுவதற்கு ஆகும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. விளையாடியவர்களுக்கோ அந்தச் சில நொடிகள்தாம் மிகக் கொடியவை. ஆட்டத்தைச் சேமிக்கவும் அதில் தட்டச்சுப்பொறியைத் தேடிச் செல்ல வேண்டும். மை நாடா ஒன்றைச் செலவிட வேண்டும். நாடாக்களோ எண்ணி வைத்தாற்போல்தான் கிடைக்கும். தோட்டாக்களும் அப்படியே. கையிருப்பு குறையக் குறைய அச்சம் வளரும் என்பதை அவ்விளையாட்டை உருவாக்கியோர் நன்கறிந்திருந்தனர். மாதக் கடைசியில் நமக்கும் அது தெரியும்!

1999இல் கொனாமி வெளியிட்ட “சைலன்ட் ஹில்” இன்னும் ஒரு படி மேலே சென்றது. அக்காலப் பிளேஸ்டேஷன் கருவியால் தொலைவிலுள்ள கட்டடங்களையெல்லாம் திரையில் வரைந்து காட்ட இயலவில்லை. அக்குறையை மறைக்க ஊர் முழுவதையும் மூடுபனியால் போர்த்தினர். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்த ஊரில், காணாமற்போன மகளைத் தேடி ஒரு தந்தை அலைகிறார். அவர் போர்வீரர் அல்லர், எழுத்தாளர். ஓடினால் அவருக்கு மூச்சு வாங்கும். அவரிடம் ஒரு சிறு வானொலி இருக்கிறது. கொடிய உருவம் ஏதேனும் அருகில் வந்தால் அது கரகரக்கும். எவ்வளவு அருகில் என்பதை அந்த ஒலி உணர்த்தும். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது. முழுவதும் தெரிந்தால் தப்பிக்க வழி தேடுவோம். ஒன்றுமே தெரியாவிட்டால் கவலையின்றி நடப்போம். பாதி தெரிந்த நிலையில் கால் நகர மறுக்கிறது.

சுவீடனைச் சேர்ந்த பிரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட “அம்னீசியா: தி டார்க் டிசென்ட்” ஆயுதத்தையே எடுத்துவிட்டது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவே. இருளில் ஒளிந்தால் கதைத்தலைவனின் புத்தி தடுமாறும். விளக்கேற்றினால் எதிரி கண்டுகொள்ளும். எதிரியை உற்றுப் பார்த்தாலும் புத்தி பேதலிக்கும். எனவே தன்னைத் துரத்துவது எது என்று சரியாகப் பார்க்கக்கூட முடியாமல் ஆட்டம் நகர்கிறது. மிச்சத்தை விளையாடுபவனின் கற்பனையே வரைந்துகொள்கிறது. அவனவன் கற்பனைக்கு அவனவன் பலவீனம் நன்கு தெரியும் அல்லவா?

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பேய்ப்படம் பார்க்கும்போது பிள்ளை கண்ணை மூடிக்கொண்டால் படம் தானாக நகர்ந்துவிடும். கதைப்புத்தகத்தில் இரு பக்கங்களைத் தாண்டிவிடலாம். விளையாட்டிலோ கண்ணை மூடினால் பெரும்பாலும் ஒன்றும் நகராது. இருண்ட நடைக்கூடம் அப்படியே காத்திருக்கும். நடந்தாக வேண்டியது விளையாடுபவன். கதவைத் திறக்க வேண்டியது அவன் விரல். “போகாதே” என்று மனம் சொல்லும்போதே போவதற்கான பொத்தானை அழுத்துகிறான். திரைப்படத்தில் இல்லாத இந்த உடந்தைதான் திகில் விளையாட்டின் உயிர்நாடி. வலைக்காட்சிகளில் பிறர் விளையாடுவதைப் பார்த்தே ஃபிரெடியை அறிந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. விளையாடுபவர் அலறுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகின்றனர். தானே விளையாடும் பிள்ளையின் நிலை வேறு.

உடந்தை என்னும் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது 2001இல் வந்த “சைலன்ட் ஹில் 2”. (முடிவை அறிய விரும்பாதோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்க. போலந்து நாட்டுப் புளூபர் டீம் அதை 2024இல் மறு ஆக்கம் செய்திருக்கிறது.) இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி ஜேம்ஸ் என்பவன் அவ்வூருக்கு வருகிறான். அங்கு அவன் காணும் கோர உருவங்கள் அவன் குற்றவுணர்விலிருந்து பிறந்தவை; நோயுற்ற மனைவியைக் கொன்றவன் அவனே. வியப்பு அதுவன்று. நாம் எப்படி விளையாடினோம் என்பதை ஆட்டம் நமக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டே வருகிறது. காயத்தை ஆற்றாமல் நெடுநேரம் அலைந்தோமா, ஒரு பெண் விட்டுச்சென்ற கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தோமா என்பன போன்றவற்றைக் கணக்கிட்டு, வாழும் விருப்பம் நமக்கு உண்டா இல்லையா என்று அதுவே முடிவு கட்டி, அதற்கேற்ற இறுதிக் காட்சியைத் தருகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவன் ஆகிய நான்கினைக் கூறும். நான்கும் மனிதனுக்கு வெளியே இருப்பவை. ஜேம்ஸ் அஞ்சுவது தன்னையே.

அவ்விளையாட்டு அமெரிக்கத் தரநிலையில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. சரியான தீர்ப்பு என்பேன். சிங்கப்பூரிலும் 2008 முதல் விளையாட்டுகளுக்குப் பதினாறு, பதினெட்டு வயது வகைப்பாடு உண்டு. ஆனால் நம் பிள்ளைகளைச் சென்றடைவது அட்டைப் பெட்டியில் வயது அச்சிட்டு வரும் விளையாட்டு அன்று. ரோபுளொக்ஸ் தளத்தில் 2022இல் வந்த “டோர்ஸ்” விளையாட்டைப் பாருங்கள். கட்டை பொம்மை மனிதர்கள், ஒரு விடுதி, எண்ணிட்ட நூறு கதவுகள். விளக்கு படபடத்தால் ஏதோ ஒன்று விரைந்து வருகிறது என்று பொருள். உடனே அலமாரிக்குள் ஒளிய வேண்டும். அலமாரிக்குள் நெடுநேரம் இருந்தால் உள்ளிருக்கும் மற்றொன்று வெளியே தள்ளிவிடும். 1996இன் கதவும் 2010இன் ஒளிவிடமும் இதில் அப்படியே இருக்கின்றன. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் தாய்க்கு வண்ணப் பொம்மைகள்தாம் தெரியும்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் சில வாரங்களாகக் கழிவறைக்குத் தனியே செல்ல மறுத்தான். விளக்குச் சற்று மினுக்கினாலும் எழுந்து நிற்பான். தாயாரை அழைத்துப் பேசினேன். “சண்டை கேம் ஒன்றும் கொடுப்பதில்லை ஐயா, நானே பார்த்துத்தான் கொடுக்கிறேன்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர் தேடியது இரத்தத்தை. அங்கே இருந்ததோ விளக்கு. பையனிடம் “என்ன பார்த்தாய்?” என்று கேட்டபோது தோளைக் குலுக்கினான். “என்ன செய்தாய்?” என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டான். எந்தக் கதவு, எத்தனை முறை, எவ்வளவு நேரம் அலமாரிக்குள் இருந்தான் என்பதெல்லாம் வந்தன. பிறகு அவன் தந்தையைப் பக்கத்தில் அமர்ந்து விளையாடச் சொன்னேன். ஐந்தாறு கதவுகளுக்குள் அவர் மாண்டுபோனாராம். மகன் அவருக்கு வழி சொல்லிக்கொடுத்ததாக மறுநாள் பெருமையோடு சொன்னான்.

எனவே முற்றாகத் தடை செய்க என்று நான் சொல்லமாட்டேன். தடை செய்தால் பக்கத்து வீட்டில் விளையாடுவான். பயத்தைச் சொல்லவும் ஆளிருக்காது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை இருட்டறையில், தனியே, ஹெட்போன் அணிந்து இவற்றை விளையாடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இவ்விளையாட்டுகளின் பாதி வலிமை ஒலியில் இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி, ஒலியைக் குறைத்து, கூடத்தில் எல்லார் நடுவிலும் விளையாடச் செய்யுங்கள். அச்சம் பெருமளவு வடிந்துவிடும். உறங்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. நம் மாணவர்கள் எழுதும் திகில் கதைகளில் மூன்றாம் வரியிலேயே பேய் வந்துவிடுகிறது. வெள்ளைச் சேலை, விரிந்த கூந்தல், வாயில் இரத்தம். படிப்பவருக்குக் கொட்டாவிதான் வருகிறது. மேலே சொன்ன விளையாட்டுகளின் உத்தி கதை எழுதுவோர்க்கும் உரியது. எதைச் சொல்லாமல் விடுவது, எதை எப்போது கொஞ்சமாகக் காட்டுவது என்பதை நம் மாணவர்கள் விரல் நுனியில் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள்; தாளில் எழுதத்தான் தெரியவில்லை. பேய், இரத்தம், அலறல் ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தாமல் ஓர் அச்சக் கதை எழுதுமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பணித்தேன். முதலில் முணுமுணுத்தனர். ஒரு மாணவியின் கதையில், பாட்டி இறந்து நாற்பது நாளாகிறது. யாரும் தொடாத அவருடைய செருப்பு மட்டும் ஒவ்வொரு காலையும் வாசலில் ஈரமாக இருக்கிறது. அம்மா ஒன்றும் பேசாமல் அதைத் துடைத்து வைக்கிறார். அவ்வளவுதான் கதை. ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அம்மாணவி எந்தத் திகில் விளையாட்டும் ஆடியதில்லையாம். அண்ணன் ஆடும்போது அடுத்த அறையிலிருந்து ஒலியை மட்டும் கேட்டிருக்கிறாள்.