பரணில் கிடக்கும் பாட்டு

தேனாம்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால், அவையும் அடுக்குமாடிக்குப் பேசி முடித்தவையாகவே இருக்கும். வீட்டை இடிப்பதென்று தீர்மானமானதும் முதலில் காலியாவது பரண். பித்தளை அண்டாவுக்கு ஆள் உண்டு. ஆட்டுக்கல்லுக்குக்கூட இக்காலத்தில் கிராக்கி வந்திருக்கிறது. பழுப்புக் காகித உறைகளில் அடுக்கிக் கட்டிய கறுப்புத் தட்டுகளைத்தான் என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. பழைய சாமான் எடுப்பவர் தூக்கிப் பார்க்கிறார். இரும்பு அல்ல, பித்தளை அல்ல, காகிதமும் அல்ல. ‘இது வேண்டாம் அம்மா’ என்று வைத்துவிடுகிறார். பிறகு அது குப்பைக்குப் போகிறது.

அப்படிப் போகிற தட்டுகளில் ஏதோ ஒன்று, அந்த வீட்டில் வளர்ந்த ஒருவரின் ஆயுட்கால ரசனையைத் தீர்மானித்திருக்கும். சினிமாப் பாட்டே சங்கீதம் என்று ஆகிவிட்ட தமிழ்நாட்டில், அதற்கு அப்பால் எதையாவது விரும்பிக் கேட்கிற ஒருவரைப் பிடித்து, ‘இந்த ருசி உமக்கு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் நாகசுரப் பித்தராக இருக்கலாம். ஜாஸ் கேட்பவராக இருக்கலாம். பழைய நாடகப் பாட்டுக்கு உயிரை விடுபவராக இருக்கலாம். குருநாதரின் பெயரையோ சபாவின் பெயரையோ பெரும்பாலும் சொல்லமாட்டார். ஒரு தட்டைச் சொல்வார். மாமா வாங்கி வந்தது, எதிர் வீட்டில் வைத்தது, கல்யாணப் பந்தலில் கேட்டது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும்.

தட்டுக்கு ஏன் இந்தச் சக்தி? காரணம் மிகச் சாதாரணமானது. தட்டுகள் குறைவு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷப் பாட்டுத்தான் அடங்கும். பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். முள்ளை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். வீட்டில் இருபது தட்டு இருந்தால் அதுவே செல்வம். அந்த இருபதையே வருஷக் கணக்கில் கேட்டாக வேண்டும். பிடித்த பத்தும் அலுத்த பிறகு, பிடிக்காத பத்தும் பெட்டியின் மேல் ஏறும். முதல் நாள் ‘இதென்ன ஓலம்!’ என்று தோன்றியது பத்தாவது தடவையில் காதில் நிற்கும். இருபதாவது தடவையில் நெஞ்சில் உட்கார்ந்துவிடும். ரசனை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி இப்படி வேறு வழியில்லாமல் வளர்ந்ததுதான்.

எல்லா வீட்டிலும் கிராமபோன் இருந்துவிடவில்லை. மவுண்ட் ரோடின் இரு புறமும் பங்களாவும் குடிசையும் அடுத்தடுத்து இருந்த பேட்டை இது. குடிசைப் பையனுக்கு டீக்கடை ரேடியோவும், அம்மன் கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும்தான் கிராமபோன். அவன் தட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்பீக்கர் செட்டுக்காரர் எதை வைக்கிறாரோ அதுதான் அவனுக்கு வித்து.

மூன்று நிமிஷத்தில் ஒரு ராகம்

இந்தியாவில் வியாபார முறையிலான ஒலிப்பதிவு 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆரம்பமாயிற்று. லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய பிரெட் கெய்ஸ்பெர்க் முன்னிலையில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பெருமைக்காக அல்ல. பதிவு ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்குப் போய்த் தட்டாக அச்சாகி வர வேண்டும். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டுமே!

சென்னையில் 1930களில் இந்த வியாபாரம் சூடு பிடித்தது. பின்னால் படத்துறையில் பெயர் பெற்ற ஏ.வி. மெய்யப்பன், அப்போது சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற ஸ்தாபனத்தின் மூலம் ஜெர்மன் ஓடியன் கம்பெனித் தட்டுகளை விற்றுவந்தார். நாய்ப் படம் போட்ட தட்டுக்கும் ஓடியன் தட்டுக்கும் பலத்த போட்டி. கீர்த்தனை, நாடகப் பாட்டு, ஹாஸ்யப் பேச்சு என்று எல்லாம் தட்டாயின.

மூன்று நிமிஷ எல்லையைப் பழைய ரசிகர்கள் பழித்தார்கள். மணிக்கணக்கில் விரிய வேண்டிய ராகத்தை வெற்றிலைச் செல்லத்தில் அடைப்பதாவது என்றார்கள். வாஸ்தவம். ஆனால் அந்தச் செல்லம் இல்லாமற் போயிருந்தால்? எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார். ஆயுள் 27 வருஷம். நாடக மேடையில் அவர் பாடி ஊரைக் கட்டிப்போட்டதை நேரில் கண்டவர் இன்று எவரும் இல்லை. அந்தக் குரல் இருப்பது தட்டுகளில்.

வீணை தனம்மாள் விஷயமும் அதுவே. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்புக்குப் பெரிய வித்வான்களே அடக்கத்துடன் வந்து உட்காருவார்களாம். ஒலிபெருக்கி கிடையாது, இருமக்கூடத் தயங்கும் நிசப்தம். 1938-இல் அவர் காலமானார். கடைசி வருஷங்களில் வாசித்துப் பதிவான சில தட்டுகள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றை முதல் தடவை கேட்பவர் ‘இரைச்சல் அதிகம், வீணை குறைவு’ என்று ஒதுக்கிவிடுவார். பத்துத் தடவை கேட்டவருக்கு இரைச்சல் பின்னால் போய்விடும். அதன் பிறகு பலமாக வாசிக்கும் எந்த வீணையும் அவருக்குக் கொஞ்சம் சத்தமாகவே படும். ஒரு தட்டு ஒருவரைக் கெடுப்பது என்றால் இதுதான்!

எதற்கு மாற்று?

‘மாற்று இசை’ என்கிறார்கள் இப்போது. எதற்கு மாற்று என்று கேட்டால், பதில் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய ரேடியோவில் அதை வெகுவாகக் குறைத்தார். பட முதலாளிகளுடன் தகராறு முற்றிப் பாட்டு ஏறக்குறைய நின்றே போயிற்று. நல்ல சங்கீதத்தை உத்தரவு போட்டு ஊட்டிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஜனங்கள் ரேடியோவின் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்போல் ஆயிற்று. 1957-இல் விவித பாரதி வரும்வரை, சர்க்கார் சங்கீதத்துக்கு மாற்று இசையாக இருந்தது சினிமாப் பாட்டுத்தான்! தியாகையர் கீர்த்தனையைச் சுவிட்ச் போட்டு அடைத்துவிட்டு, திருட்டுத்தனமாக மெல்லிசை கேட்ட பிள்ளைகள் அன்று அநேகம்.

அதே இலங்கை பிற்பாடு சினிமாவுக்கும் ஒரு மாற்றைத் தந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் போன்றோர் பாடிய ‘பொப்’ பாடல்களில் கதாநாயகனும் இல்லை, காட்சியும் இல்லை. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கையில் ஊன்றிய பைலாத் தாளம், யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஒரு கிதார், கொஞ்சம் கேலி. இவ்வளவே. மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய ‘சுராங்கனி’ கடல் தாண்டி வந்து, 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ஏறிக்கொண்டது. தமிழ் சினிமாவின் ஜீரண சக்தி அபாரமானது. தனக்கு மாற்றாக வந்ததையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

ஊர் சுற்றி வந்த கடம்

1970களின் பிற்பகுதியில் தேனாம்பேட்டையில் வசித்த கல்லூரி மாணவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இசைத்தட்டு அவனுக்கு எளிதில் கிடைக்கிற பண்டமல்ல. சிங்கப்பூர் உறவினர் கொண்டுவந்தால் உண்டு. பர்மா பஜாரில் தேடினால் உண்டு. இல்லையேல் மவுண்ட் ரோடில் பஸ் ஏறி, சென்ட்ரல் பக்கத்தில் இறங்கி, மூர் மார்க்கெட்டுக்குள் நுழைய வேண்டும். பழைய புத்தகக் குவியலுக்கு அருகில் பழைய தட்டுகள். உறைக்குள் இருப்பது என்னவென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அட்டைப் படத்தை நம்பிக் காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

அப்படி அவன் கையில் ‘சக்தி’ என்ற பெயர் போட்ட நீண்ட நேரத் தட்டு அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 1975 ஜூலையில் நியூயார்க் மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு அது, 1976-இல் வெளிவந்தது. ஆங்கிலேயரான ஜான் மக்லாக்லினின் கிதாருக்காக அவன் அதை வாங்குகிறான். முள் இறங்குகிறது. கிதாரோடு எல். சங்கரின் வயலின் வருகிறது. ஜாகிர் ஹுசேனின் தபலா வருகிறது. அவற்றுக்கு நடுவே, சட்டி உருளுவதுபோல் ஒரு சத்தம். அது சென்னை விக்கு விநாயக்ராமின் கடம்! வீட்டுப் பெரியவர்கள் மார்கழி தோறும் சபாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் ‘பரீட்சை இருக்கிறது’ என்று தட்டிக்கழித்தானே, அந்தச் சபா மேடையில் ஓரத்தில் இருந்த அதே மண்பானை.

மக்லாக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பது அந்த மாணவனுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில் பத்து நிமிஷ நடையில் இருந்த சங்கீதம், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய், கிதாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூர் மார்க்கெட் வழியாகத் தேனாம்பேட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கப்புறம் அவன் கச்சேரிக்குப் போனால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காண்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்தில் இருக்கமாட்டான். ‘சக்தி’ குழுவுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி பரிசு கிடைத்தபோது, தலை நரைத்த எத்தனையோ பேர் தங்கள் பழைய தட்டைத் தேடியிருப்பார்கள்.

சினிமாவின் உச்சியில் இருந்த இளையராஜாவே 1986-இல் வாத்திய இசையாக மட்டும் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டு, அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். படம் இல்லாத அவருடைய இசையைக் கேட்டுத் திகைத்து, பிறகு அதிலிருந்து பாக்கைத் தேடிப் போன தமிழ் இளைஞர்கள் ஒரு தலைமுறை.

மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்துவிட்டது. கேஸட் வந்து தட்டை ஒழித்தது. குறுந்தகடு வந்து கேஸட்டை ஒழித்தது. கைபேசி எல்லாவற்றையும் ஒழித்தது. இன்று தனம்மாளும் கிடைக்கிறார், பாக்கும் கிடைக்கிறார், காசு கொடுக்காமலே. ஆனால் கைபேசி, நேற்று எதைக் கேட்டீர்களோ அதைப் போன்ற இன்னொன்றையே இன்றைக்கு எடுத்து நீட்டுகிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு தள்ளு, அடுத்த பாட்டு. பிடிக்காத தட்டை இருபது தடவை கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் போய்விட்டது. அந்த நிர்ப்பந்தத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். கேஸ்கர் பட்ட பாடு போதும்.

செய்யக்கூடியது வேறு உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் தனி மனிதராக 40,000-க்கு மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்தவர். பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990-இல் தோன்றியது. 1912 முதல் 1916 வரையும், மறுபடி 1932 முதல் 1938 வரையும் இந்தியாவில் வெளியான ஓடியன் தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றும் வேலை, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்தது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற சரக்கைக் காப்பாற்ற லண்டன் பணம் வர வேண்டியிருந்தது! தமிழ் நாட்டில் பணமில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஒலிப்பதிவின் மீதுள்ள உரிமை, அது வெளியான வருஷத்துக்குப் பின் 60 ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. கிட்டப்பா, தனம்மாள் காலத்துத் தட்டுகளின் கெடு எப்போதோ கழிந்துவிட்டது.

பரணில் தட்டு வைத்திருப்பவர்கள் அதைக் குப்பைக்கு அனுப்புமுன் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளது கீறிவிடும்; புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயில் படக்கூடாது. பளபளப்பாக்குகிறேன் என்று ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைப்பவர்கள் உண்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதோடு கரையும்.

அப்புறம் அதை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் சர்க்கார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தேனாம்பேட்டையிலிருந்து சிறிது தூரத்தில், கோட்டூர்புரத்தில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எட்டு மாடி. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. பார்வையற்றோருக்குப் பிரெயில் பகுதி உண்டு. பழைய தட்டை நன்கொடையாக வாங்கிக்கொள்ள ஒரு மேஜை, அதைப் பதிவெடுக்கத் தெரிந்த ஒரு ஆள், எந்தத் தெருப் பிள்ளையும் இலவசமாக வந்து உட்கார்ந்து கேட்க இருபது நாற்காலியும் காதுக் கருவியும். இதற்கு ஒரு மாடிகூட வேண்டாம். ஒரு மாடியின் மூலை போதும்.