பெட்டியில் 25,000 மணி நேரம், கூரைக்கடியில் எவ்வளவு?

அம்பாங்கான் வட்டாரத்துக் கடைகளில் எல்.இ.டி. பல்ப் வாங்கப் போனால், பெட்டியில் ‘25,000 மணி நேரம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் 6 மணி நேரம் எரித்தால் 11 ஆண்டுகளுக்கு மேல் வரவேண்டும். எங்கள் வீட்டு வாசல் விளக்கோ இரண்டு தீபாவளியைக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கு இப்போது முக்கியம். 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாதா பாதரச உடன்படிக்கை நாடுகள், பொதுப் பயன்பாட்டுக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன. வீட்டிலும் பள்ளியிலும் எரியும் ‘கலிமந்தாங்’ விளக்குகளின் இடத்துக்கு வரப்போவது எல்.இ.டி.தான்.

சரி, 25,000 மணி நேரத்தை யார் உட்கார்ந்து எண்ணியது? யாரும் இல்லை. இடைவிடாமல் எரித்தாலே மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ‘எல்.எம்.80’ சோதனையில் எல்.இ.டி. சில்லுகளை நிலையான வெப்பத்தில் குறைந்தது 6,000 மணி நேரம், அதாவது 250 நாள் எரியவிட்டு ஒளி மங்கும் வேகத்தை அளக்கிறார்கள். பிறகு, ஒளி 70 விழுக்காட்டுக்கு எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். சோதித்த நேரத்தைப்போல் அதிகபட்சம் ஆறு மடங்குவரைதான் இப்படி நீட்டிச் சொல்லலாம். அதாவது பெட்டியில் உள்ள எண், பெரும்பாலும் சில்லு மங்கும் நாளைத்தான் குறிக்கிறது. பல்ப் செத்துப்போகும் நாளை அல்ல.

பல நேரம் முதலில் சாவது சில்லே அல்ல, பல்பின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் ‘டிரைவர்’ மின்சுற்று. அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. தகரக் கூரைக்கடியில், மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய பல்பின் சூடு எங்கே போகும்? முழு பல்பையே சூட்டிலும், எரித்து அணைத்தும் பார்க்கும் சோதனைகள் உண்டு. ஆனால் வாங்குகிறவர் கேட்பதில்லை.

ஒளியின் தரத்திலும் இதே கதைதான். நிறங்காட்டும் திறன் 80 என்பது எட்டு மென்னிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது. ‘80’ பெற்ற பல்பின் கீழ் தக்காளி வெளுத்துத் தெரிவது இதனால்தான்.

எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரக் குறி மின்சேமிப்பைச் சொல்கிறது, ஆயுளை அல்ல. எனவே உத்தரவாத அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இன்றிரவு கைப்பேசியின் ஸ்லோமோஷனில் உங்கள் அறை விளக்கைப் படம் பிடித்துப் பாருங்கள். மின்தேக்கியில் சிக்கனம் பிடித்த பல்ப் என்றால், விநாடிக்கு 100 முறை துடிப்பது திரையில் அப்படியே தெரியும்.