சேதாரம் எவ்வளவு?

ஜிந்துப்பிட்டியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு வந்துவிடும். பழைய நகையை உருக்கிப் புது நகை செய்யக் கொடுப்போர் அங்கே மறவாமற் கேட்கும் வினா ஒன்றுண்டு: "சேதாரம் எவ்வளவு?" குன்றிமணிப் பொன்னுக்கும் கணக்குக் கேட்கும் நம் மக்கள், வீட்டிலுள்ள இசைப்பதிவுகளை ஒரு வடிவத்திலிருந்து வேறொரு வடிவத்துக்கு மாற்றும்போது அக்கேள்வியைக் கேட்பதில்லை. கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம், கோப்பு மாறிவிடுகிறது, பாட்டும் கேட்கிறது. எல்லாம் நலமே என்றெண்ணிப் பழையதை அழித்துவிடுகிறோம். இவ்வாரம் இந்தச் சேதாரத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இசையை உருமாற்றுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. ஜிந்துப்பிட்டி ஒரு காலத்திலே முருகன் கோயிலுக்கு மட்டுமன்றித் தமிழ் நாடக மேடைக்கும் பெயர் பெற்றிருந்தது. பாட வல்லவரே நடிகர் எனப்பட்ட காலம் அது. 1926ஆம் ஆண்டில் கொழும்பு மேடையிலே எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தனர். கிட்டப்பா 1933ஆம் ஆண்டு தமது 27ஆம் வயதிலேயே காலமானார். அவருடைய குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளின் புண்ணியத்தால். அரக்கினாற் செய்த அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். இசைத்தட்டுக்குப் பின் ஒலிநாடா வந்தது. 1963இல் கசெட், 1982இல் இறுவட்டு, இப்போது கைத்தொலைபேசியிலுள்ள கோப்பு. மூலத்தட்டு உடைந்துவிட்டால், எப்போதோ எவரோ செய்து வைத்த உருமாற்றமே நமக்கு மூலமாகிவிடுகிறது. ஆகையால் அதனை எவ்வாறு செய்தார் என்பது அற்பமான விஷயமன்று.

இறுவட்டிலே ஓசை எண்களாக எழுதப்படுகிறது. ஒலியலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவி கேட்கவல்ல மிக உயர்ந்த ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் கொண்டது; அதன் இருமடங்குக்கும் மேலாக அளந்தாற்றான் அவ்வோசையைத் திரும்ப எழுப்ப முடியும் என்பது விதி. இப்படி அளந்த எண்களை இரு ஒலிவழிகளுக்கும் சேர்த்து அவ்வாறே எழுதி வைத்தால் ஒரு நிமிட இசைக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். 'வேவ்' எனப்படும் கோப்பு பொதுவாக இத்தகையது.

இவ்வளவு இடம் அக்காலக் கணினிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. அச்சுமையைக் குறைக்க முயன்றவர்களுள் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதன்மையானவர். அவரும் பிறரும் உழைத்து உருவாக்கிய முறையே 'எம்பி3'. அதன் சூட்சுமம் நம் செவியின் இயல்பிலேயே இருக்கிறது. கோயில் வீதியிலே தவில் ஓங்கி முழங்கும் கணத்தில் சுருதிப்பெட்டியின் மெல்லோசை நமக்குக் கேட்பதில்லை. பேரோசை சிற்றோசையை மறைத்துவிடுகிறது. அவ்வாறு மறைந்து போவனவற்றை எழுதாமல் விட்டால் என்ன என்று அறிஞர் எண்ணினர். சாதாரண எம்பி3 கோப்பு மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது இப்படித்தான்.

முறையைச் சோதிக்க பிராண்டன்பேர்க் தேர்ந்த பாட்டு, சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் எதுவுமின்றிப் பாடியது. தனிக்குரலிலே குறையை மறைக்க வேறு ஓசை கிடையாது. பிழை உடனே வெளிப்பட்டுவிடும். நம் இசையிலே மிருதங்கம் ஓய்ந்து விருத்தம் பாடப்படும் இடங்களும் அத்தகையனவே. பழைய இசைத்தட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் கரகரப்பைச் சுருக்குவது மிகக் கடினம். சிறிய கோப்பாக்க முயலும்போது ஒதுக்கிய இடத்தின் பெரும்பகுதியைக் கரகரப்பே விழுங்கிவிட, குரலுக்கு எஞ்சுவது குறைகிறது. கரகரப்பை முற்றாகத் துடைக்கப் புகுந்தாலோ, குரலின் மூச்சும் அதனோடு போய்விடுகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எம்பி3 கோப்பை மீண்டும் வேவ் கோப்பாக மாற்றினால் அதன் அளவு பத்து மடங்கு பெருகும். விட்டுப்போன ஓசை திரும்பி வாராது. செம்பைக் கலந்து நகையின் நிறையைக் கூட்டலாம். பொன்னைக் கூட்ட முடியுமா? சுருக்கிய கோப்பை வேறொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் இரண்டாம் முறையும் சேதாரம் நேரும். கோப்பின் பருமனைப் பார்த்துத் தரத்தை மதிப்பிடுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

சேதாரமே இல்லாத வழியும் உண்டு. 2001ஆம் ஆண்டில் முழுமை பெற்று வெளிவந்த 'ஃபிளாக்' என்னும் வடிவம் பட்டுப்புடைவையை மடித்து வைப்பது போன்றது. மடிக்கும்போது இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். விரித்தால் ஓர் இழையும் குறையாமல் முழுப் புடைவையும் கிடைக்கும். எம்பி3 ஓரத்தைக் கத்தரித்துச் சிறிதாக்குவது. பேருந்திலே கேட்டுச் செல்வதற்குக் கத்தரித்தது போதும். அதனை நாம் குறை கூறோம். பேழையில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது மடித்த புடைவையே.

ஆகவே வீட்டிலே கசெட்டோ இசைத்தட்டோ வைத்திருப்போர் முதலில் அதனை வேவ் அல்லது ஃபிளாக் வடிவிற் பதிந்து மூலப்பிரதியாக வைத்துக்கொள்க. கரகரப்பையும் அதில் அப்படியே விட்டுவிடுக. நாளைக்கு நம்மினும் நல்ல கருவி கொண்டு அதனைத் துடைப்போர் வருவர். உறவினருக்கு அனுப்பவும் நாள்தோறும் கேட்கவும் வேண்டிய எம்பி3 பிரதியை அந்த மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்க. பிரதியிலிருந்து பிரதி எடுக்க வேண்டா.

பெயரையும் மறத்தல் கூடாது. எம்பி3 கோப்பிலே பெயரெழுதும் பழைய முறை பாட்டின் தலைப்புக்கு 30 எழுத்திடமே ஒதுக்கியது. அதுவும் ரோமன் எழுத்தை மனத்திற் கொண்டு ஒதுக்கியது. அதனாலேயே நம் பாட்டுகள் பல வினாக்குறி வரிசைகளாகவும், 'பாட்டு 7', 'பாட்டு 8' என்றும் பெயரிழந்து கிடக்கின்றன. பின்வந்த முறைகள் தமிழெழுத்தை ஏற்கின்றன. பாடியவர், ஆண்டு, இடம், யாரிடமிருந்து கிடைத்தது என்பவற்றைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். பெயரில்லாத குரல் பாதி தொலைந்த குரலே.

ஒரே இடத்தில் வைத்த செல்வம் எப்படிப் போகும் என்பதை 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்டோம். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும், பின்னர் ஒலிப்பதிவுகளையும் இலக்கமுறையிற் காத்து வருவதன் அருமை அவ்விழப்பை எண்ணும்போதே விளங்குகிறது. வீட்டுப் பதிவுக்கும் அதே நெறிதான்: ஒரு பிரதி நம்மிடம் இருக்கட்டும், இன்னொன்று வேற்றூரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

பெரிய பாடகர்களின் குரல் எங்கேனும் ஓர் இடத்தில் எஞ்சும். கலியாண வீட்டிலே பாடிய பாட்டியின் குரலும், கோயிலிலே தேவாரம் ஓதிய பாட்டனாரின் குரலும் அந்த ஒரு கசெட்டிலன்றி வேறெங்கும் இல்லை. கசெட்டின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிந்துகொண்டே இருக்கிறது. அதனை இயக்கும் கருவியும் வீடுகளிலிருந்து மறைந்து வருகிறது. இந்த விடுமுறையில் மாணவர்கள் அலுமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை வெளியே எடுப்பார்களாக. அது யாருடைய குரல் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாக.