விரத நாட்கள் வளர்த்த சமையல்

கிரேக்க உணவு என்றதும் வெளிநாட்டு உணவகங்களின் பட்டியலில் முன்னால் வந்து நிற்பவை இறைச்சி அடுக்குப் பண்டமான மூசாகா, கம்பியில் கோத்துச் சுட்ட சுவ்லாகி, பிட்டா ரொட்டியில் சுருட்டித் தரும் கீரோஸ் ஆகியவைதான். மூன்றிலும் இறைச்சியே பிரதானம். கிரேக்கர் வீடுகளிலும் அன்றாடம் இறைச்சிதான் வேகிறது என்று அதைப் பார்ப்பவர்கள் நினைத்தால் வியப்பில்லை. ஆனால், அந்நாட்டின் வீட்டுச் சமையலை உருவாக்கியதில் விருந்துகளைவிட விரதங்களுக்கும் வறுமைக்கும்தான் பங்கு அதிகம். இறைச்சி இல்லாத நாளில் வயிறும் மனமும் நிறையச் சாப்பிடுவது எப்படி என்பதற்கு ஒவ்வொரு தீவும் மலையூரும் தன் மண்ணிலிருந்து கண்டெடுத்த வழிகளே அந்தச் சமையலின் உயிர். பாரம்பரியத்தைக் காப்பதாகச் சொல்பவர்கள் முதலில் காக்க வேண்டியது அந்த அறிவைத்தான்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாட்காட்டியைப் பார்த்தாலே இது விளங்கும். பெரும்பாலான வாரங்களில் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய 40 நாட்கள், ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரு வாரங்கள் என எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் விரதத்தில் போய்விடும். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகாது. பல நாட்களில் மீனும், கண்டிப்பான நாட்களில் எண்ணெயும்கூட ஆகாது. இரத்தமில்லாதவை என்று கருதப்படுவதால் ஆக்டோபஸ், கணவாய், சிப்பி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தக் கட்டுப்பாட்டுக்கு நடுவே வளர்ந்ததுதான் வெண்டைக்காய், பீன்ஸ், பட்டாணி போன்றவற்றைத் தக்காளியும் தாராளமான ஆலிவ் எண்ணெயும் சேர்த்து நிதானமாக வேகவிடும் ‘லாதெரா’ வகை. நாட்டின் தேசிய உணவு என்று பலரும் சொல்லும் ‘ஃபசோலாதா’வும் வெள்ளை பீன்ஸ், கேரட், வெங்காயம், செலரி சேர்ந்த எளிய சூப்தான்.

விரதம் பொதுவானது, அதற்கான விடை ஊருக்கு ஊர் வேறு. சிஃப்னோஸ் தீவில் நல்ல களிமண் உண்டு, குயவர்களும் உண்டு. அங்கே ஊறவைத்த கொண்டைக்கடலையை வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், தண்ணீரோடு மூடியுள்ள மண்சட்டியில் போட்டு, சனிக்கிழமை மாலை விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். இரவெல்லாம் தணலின் சூட்டிலேயே வெந்து, ஞாயிறு காலைப் பூசை முடிந்து வரும்போது வெண்ணெய்போல் குழைந்திருக்கும். மேலே எலுமிச்சம் பழம் பிழிந்தால் ‘ரெவிதாதா’ தயார். மழை குறைந்த எரிமலை மண்ணைக் கொண்ட சாண்டோரினியில் அந்த இடத்தை மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ‘ஃபாவா’ பிடித்துக்கொண்டது. வடமேற்கே எபிரஸ் மலைகளில், ஆடு மேய்க்கும் குடும்பங்கள் மெல்லியதாகத் தேய்த்த மாவுக்குள் காட்டுக்கீரையையும், விரதமில்லாத நாட்களில் கொஞ்சம் பாலாடைக்கட்டியையும் வைத்துச் சுட்டு, ஒரு பிடிப் பொருளில் ஒரு குடும்பத்தின் பசியாற்றின. கிரீட் தீவில் மலைச்சரிவில் பறித்த கீரைகளும், தண்ணீரில் நனைத்து உண்ணும் பார்லி ரஸ்க்கும், நத்தையும் சாப்பாடாயின.

தூய கிரேக்கச் சமையல் என்று ஒன்று இருந்ததே இல்லையே, பிறகு எதைக் காப்பது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தக்காளியே 19-ஆம் நூற்றாண்டில் பரவிய வரவு. நான்கு நூற்றாண்டுகள் வெனிஸின் ஆட்சியில் இருந்த கோர்ஃபு தீவின் சமையலில் இத்தாலிய வாடை இன்றும் தூக்கலாக இருக்கிறது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே 1923-இல் முடிவான மக்கள் பரிமாற்றத்தையொட்டி சின்ன ஆசியாவிலிருந்து வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் சீரக மணம் வீசும் ஸ்மிர்னா இறைச்சி உருண்டைகளைக் கொண்டுவந்தார்கள். கலப்பு ஒரு குறையே அல்ல. குறை, ஒரே அச்சில் வார்க்க முயன்றதில் இருக்கிறது. சிஃப்னோஸைப் பூர்வீகமாகக் கொண்ட சமையற்கலைஞர் நிகோலாவோஸ் செலெமெந்தெஸ், கிழக்கத்திய மசாலாக்களை விலக்கி, பிரெஞ்சு பாணியைப் புகுத்தினார். இன்று மூசாகாவின் மேல் தடிமனாக நிற்கும் வெள்ளை சாஸ், 1920-களில் அவர் சேர்த்தது என்றே உணவு வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அவருடைய நூல்கள் நகரத்து நடுத்தர வீடுகளின் வேதமாயின. அவருடைய தீவின் கொண்டைக்கடலைச் சட்டியோ ஏழைகளின் உணவாக ஒதுங்கிப்போனது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. அது வறுமையின் சமையல். வசதி வந்ததும் மக்களே கைவிட்டதை நாம் ஏன் போற்ற வேண்டும்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கிரீட்டில் நடத்திய ஆய்வில், அம்மக்கள் தங்கள் உணவில் திருப்தி இல்லை, இறைச்சி வேண்டும் என்றுதான் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதே தீவினரின் இதய நலத்தைக் கண்டு வியந்தார். அவருடைய ஏழு நாடுகள் ஆய்வு அந்த உணவை உலகப் புகழுக்கு உயர்த்தியது. பசித்தவரின் தட்டை நலவாழ்வின் இலக்கணமாகக் கொண்டாடுவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. கீரை ஆய்வதும் மாவு தேய்ப்பதும் பெண்களின் தலையிலேயே விழுந்தன என்பதும் மறுக்க முடியாதது. ஆனால், பட்டினியையும் அதைச் சமாளித்த கைத்திறனையும் ஒன்றாகக் கட்டி வீச வேண்டியதில்லை. பட்டினி போகட்டும். எந்தக் கீரையை எந்த மாதத்தில் பறிப்பது, எந்தப் பருப்புக்கு எவ்வளவு தணல் என்ற அறிவு இருக்கட்டும். அதை ஆண்களும் கற்கட்டும்.

சட்டமும் விருதும் மட்டும் இந்த அறிவைக் காத்துவிடாது. ஃபெட்டா பாலாடைக்கட்டிக்கு 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. 2010-இல் மத்தியதரைக்கடல் உணவுமுறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படியிருந்தும், குழந்தைகளின் உடல்பருமன் அதிகமுள்ள ஐரோப்பிய நாடுகளில் கிரேக்கமும் ஒன்றாக நீடிக்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. பள்ளி மதிய உணவில் வாரம் இருமுறை அந்தந்த வட்டாரத்துப் பருப்பும் கீரையும் இடம்பெறுவதும், சுற்றுலாத் தீவுகளின் உணவகங்கள் தத்தம் ஊர்ச் சட்டியைப் பட்டியலின் முதலிடத்தில் வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இறைச்சியைக் குறைக்கச் சொல்லி உலகமே அறிவுரை கேட்கும் காலத்தில், பாதி ஆண்டை அது இல்லாமலே ருசியாகக் கழித்த ஒரு சமூகம் தன் கையிருப்பை மறந்துவிட்டு, கீரோஸை மட்டும் அடையாளமாக நீட்டுவது அதற்கே நட்டம்.