வேரின் வாயிற்காவலர்

நுண்ணுயிர் என்றவுடன் நோய் என்றே கருதுவது நம்மனோர் வழக்கமாய்விட்டது. பயிர்நூல் பயிலும் மாணவரும் இவ்வெண்ணத்தினின்று முற்றும் நீங்கினாரல்லர். ஆயின், பூக்கும் பருவத்து உளுந்துச் செடியொன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து வேரை நோக்குவார்க்கு உண்மை வேறென்பது புலனாகும்.

வேரில் சிறு முடிச்சுகள் உருண்டு தோன்றும். ஒன்றை நகத்தாற் கீறின், உட்புறம் செந்நிறமாயிருக்கும். அங்கு வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றது. முடிச்சுகளின் இப்பயனை 1880களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவினர். செந்நிறமோ, செடியின் உயிரணுக்கள் ஆக்கும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தினுடையது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்ஸிஜன் பட்டாற் கெடும். பாக்டீரியாவின் மூச்சுக்கோ ஆக்ஸிஜன் வேண்டும். இப்புரதம் அதனைப் பற்றிவைத்து அளவாய் வழங்கி, இரண்டு இடரையும் நீக்குகின்றது.

பகைவரும் நிறைந்த மண்ணில் நண்பனைச் செடி அறிவது எங்ஙனம்? வேரணுவின் சவ்வில் ஏற்பிப் புரதங்கள் காவலர்போல் நிற்கின்றன. முடிச்சு பாக்டீரியாவின் அடையாளத்தை உணரும் இரு ஏற்பிகள் 2003இல் லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்னும் அவரையினச் செடியில் விளக்கப்பட்டன. பூஞ்சையின் கைட்டினை உணர்ந்து எதிர்ப்பை எழுப்பும் ஏற்பியும் இக்குடும்பத்ததே. ஒரு குடிப்பிறந்தாருள் ஒருவர் கதவு திறக்க, மற்றவர் தாழிடுகின்றனர்! நெல்லிலோ, இக்குடும்பத்து ஏற்பி ஒன்றே நற்பூஞ்சையை வரவேற்கவும் நோய்ப்பூஞ்சையைத் தடுக்கவும் துணைசெய்கின்றது.

இனி யாம் வற்புறுத்துவது இது. முடிச்சில் வாழும் விருந்தினர்க்குச் செடி தன் சர்க்கரையையே உணவாகத் தருகின்றது. ஆதலின், மண்ணில் தழைச்சத்து மிகுந்தால், அச்செலவு வேண்டாவென முடிச்சுகளைக் குறைத்துவிடும். தொடக்கத்திற் சிறிதளவு உரமிடுதல் வேறு; பயறுக்கும் உளுந்துக்கும் யூரியாவை வாரி இறைத்தல் வேறு. பின்னதைச் செய்வார் விலைகொடுத்து நண்பனை வெளியேற்றுகின்றனர். உரிய ரைசோபியத்தை ஆறிய கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி விதைப்பது சிறுசெலவே.

தானியப் பயிர்களுக்கும் இவ்வாற்றலை ஊட்ட ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர், அம்முயற்சி வெல்க. ஆயினும், இருக்கும் நட்பைப் பேணாதார் புதுநட்பாற் பெறும் பயன் யாது? படத்தில் முடிச்சை வரைந்து தேர்வெழுதும் மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் சென்றதும் ஒரு செடியைப் பெயர்த்து, முடிச்சைக் கீறி, அச்செம்மையை உழவர்க்குக் காட்டுமின். கற்ற கல்வி அன்றே வயலிற் பயன்படும்.